பி.ஏ. தமிழுக்குக் கல்லூரி தேடும் கடலோர மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்க இலக்கியத்தையும் இலக்கணத்தையும் ஆழமாகப் படிக்கும் ஆசையில் பி.ஏ. தமிழ் எடுப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரியின் பெயரை விசாரிக்கிறார்கள். பாடத்திட்டத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. முதல் தவறு இதுதான். இராமநாதபுரம் மாவட்டக் கலைக்கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டமே பொது. ஆகவே அவற்றுக்குள் கீழக்கரையா, பரமக்குடியா என்று பாடத்தை வைத்து ஒப்பிட ஒன்றுமில்லை; ஆசிரியரையும் நூலகத்தையும் பாருங்கள். மதுரை, திருச்சி தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே பாடம் வகுப்பவை. அங்கே ஆறு பருவத் தாள்களையும் வரிவரியாகப் படித்தாக வேண்டும்.

எதைத் தேடுவது? நன்னூல், யாப்பருங்கலக்காரிகை, நம்பியகப்பொருள் ஆகிய இலக்கண நூல்கள் தனித்தனித் தாள்களா, ஒரே தாளில் திணிக்கப்பட்டவையா என்று பாருங்கள். தொல்காப்பியம் 3 அதிகாரம், 27 இயல். அதை உரையோடு விரிவாகப் படிப்பது பல இடங்களில் எம்.ஏ.வில்தான். எனவே முதுகலைத் தமிழும் உள்ள கல்லூரி கிடைத்தால் அதையே எடுங்கள். இளம்பூரணர், சேனாவரையர் உரைகள் அங்கே நூலகத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

நூலகத்தை நேரில் பார்க்காமல் சேராதீர்கள். எட்டுத்தொகை எட்டும் உரையோடு இருக்கின்றனவா? உ.வே.சா. பதிப்புகள் உண்டா? ஒரு புறநானூற்றை எடுத்து, உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டைப் பாருங்கள். பல ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை என்றால் அங்கே நோட்ஸ் வைத்தே தேர்வு எழுதுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். மூலத்தைத் தொடாமல் வாங்கும் பட்டம், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் கைகொடுக்காது. இரண்டாம் தாளின் 100 கேள்விகளும் பாடத்திலிருந்தே வருபவை.

துறைக்குப் போனால் ஐங்குறுநூற்றின் இரண்டாம் நூறு பற்றிக் கேளுங்கள். அம்மூவனார் பாடிய நெய்தல், அதாவது கடலோர நிலப் பாடல்கள் அவை. புன்னையும் தாழையும் கழியும் பாம்பன், தேவிபட்டினம் பிள்ளைகளுக்குப் பழகியவை. அந்தப் பழக்கத்தை வகுப்புக்குள் கொண்டுவரும் ஆசிரியர் அமைந்தால் கட்டடம் சிறியது என்று தயங்க வேண்டாம்.

மொத்த மதிப்பெண் குறைவு என்று விண்ணப்பிக்காமல் விடுவது இன்னொரு தவறு. அரசு கலைக்கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்கான தரவரிசை பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணை வைத்தே போடப்படுகிறது. ஆசிரியர் வேலை குறிக்கோள் என்றால் பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் தமிழிலேயே முடியுங்கள். இடையில் பாடம் மாறினால் முதுகலை ஆசிரியர் தேர்வில் சிக்கல் வரும்.

பயணத்தையும் கணக்கில் எடுங்கள். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரத்துக்கே சுமார் 55 கி.மீ. தினமும் போய்வரும் களைப்பில் மாலை நூலக நேரம் போய்விடும். விடுதி இருக்கிறதா என்று கேளுங்கள். அலைச்சலுக்குப் பயந்து தொலைநிலைக் கல்விக்குப் போனால், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் உதவித்தொகை கிடைக்காது.