அடுத்த வண்டியும் டீசலா? பங்க்கில் நின்று போடும் கணக்கு

காரைக்குடி–அறந்தாங்கி ரோட்டில், புதுவயல் அரிசி ஆலைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஒரு பங்க்கில் இருபத்திரண்டு வருஷமாக மேனேஜராக இருக்கிறேன். முன்பெல்லாம் டிரைவர்கள் "அண்ணே, நாளைக்கு டீசல் ஏறுமா?" என்று கேட்பார்கள். இப்போது "அண்ணே, டீசல் இருக்குமா?" என்கிறார்கள். போன மாதம் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் காரை ஓரம் கட்டச் சொல்லி, கண்ணாடியை இறக்கினார்.

"டெல்லியில பத்து வருஷமான டீசல் வண்டிய ஓட்ட விடமாட்டாங்களாமே தம்பி, நமக்கும் அப்படித்தானா? பெரியவன் மெட்ராஸ்ல இருந்து தினம் போன் போட்டு, வித்துருங்கிறான்."

டெல்லிக் கதை டெல்லியோடு, ஆச்சி. 2015ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு தலைநகர் வட்டாரத்துக்கானது. நம் பக்கம் சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷமாக ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். ஆச்சியின் காருக்கு ஒன்பது வயதுதான். பயந்து விற்றால் லாபம் புரோக்கருக்கு.

அப்படியென்றால் டீசலுக்கு ஒன்றும் ஆகாதா? ஆகும், ஆனால் ஒரே நாளில் கடையை மூடுகிற மாதிரி ஆகாது. இந்தியா வருஷத்துக்குச் சுமார் 9 கோடி டன் டீசல் எரிக்கிறது. நாட்டில் பங்க்குகளின் எண்ணிக்கை பத்து வருஷத்தில் இரண்டு மடங்காகி, 2025 கடைசியில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் என் பற்று நோட்டைப் புரட்டினால் வேறு கதை தெரியும். ஆள் ஆளாகக் கழன்றுகொண்டிருக்கிறார்கள். முதலில் போனது டவுனுக்குள் ஓடும் சரக்கு ஆட்டோ. அப்புறம் சின்ன கார். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்தியது. பல்லவன் ரயிலை இப்போது கரண்ட் இன்ஜின்தான் இழுக்கிறது. போகாதவர்கள் யார் என்றால் ஆலை லாரி, தை மாசியில் வரும் அறுவடை மெஷின், போர்வெல் போடும் வண்டி, கானாடுகாத்தான் வீடுகளில் ஷூட்டிங் நடந்தால் வரும் ஜெனரேட்டர் வண்டி. ஜெனரேட்டர்காரர் பணத்தை எண்ணக்கூட மாட்டார். எனக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர்.

நீங்கள் இதில் எந்தக் கூட்டம் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முப்பது நாளைக்கு, வண்டியை எடுத்த நேரம், எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம். "மாசம் ரெண்டாயிரம் ஓடும்" என்று அடித்துச் சொல்கிறவர்களின் மீட்டரைப் பார்த்தால் பெரும்பாலும் எண்ணூறில் நிற்கும்.

கூடவே மைலேஜ் பாருங்கள். டேங்கை நிரப்பி, நாசில் முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். டீசல் நுரைக்கும், நுரை அடங்க அடங்க இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றினால் கணக்கு கெடும். மீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டி, பிறகு அதே பங்க்கில், அதே நாசிலில், அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். டேஷ்போர்டில் மின்னுகிற எண்ணை நான் நம்புவதில்லை.

இனி கணக்கு. டீசல் 93 ரூபாய், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று வையுங்கள்: கிலோமீட்டருக்கு 5.17. பெட்ரோல் 102 ரூபாய், 14 கிலோமீட்டர்: 7.29. வித்தியாசம் 2 ரூபாய் 12 காசு. ஒரே மாடலில் டீசல் வண்டி ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால், அந்தப் பணம் திரும்ப ஏறக்குறைய 70,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 800 ஓடுகிறவருக்கு ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். அவர் டீசல் வாங்கவே கூடாது. இதை டீசல் விற்கிற நானே சொல்கிறேன். லிட்டருக்குக் கிடைக்கிற சில ரூபாய் கமிஷனுக்காகப் பொய் சொல்ல முடியாது.

பணம் மட்டுமல்ல. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆகக் குறைந்தது, நல்லதுதான். ஆனால் வண்டியின் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு ஃபில்டரும் வந்து சேர்ந்தது. அந்தக் கரி எரிந்து போக வேண்டுமானால் வண்டி நன்றாகச் சூடாகி, ரோட்டில் ஒரே வேகத்தில் இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். செக்காலையிலிருந்து கடைக்கு நான்கு கிலோமீட்டர், திரும்ப நான்கு என்று ஓட்டினால் ஃபில்டர் அடைத்து விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் திருமயம் வரை ஒரு நடை போய் வாருங்கள். பல தடவை அதிலேயே சரியாகிவிடும்.

உங்கள் நோட்டில் தினம் முப்பது நாற்பது கிலோமீட்டர், வீட்டில் வண்டி நிறுத்த இடம், சொந்த மீட்டர் என்று மூன்றும் இருந்தால் மின்சார வண்டியைத் தயங்காமல் பாருங்கள். யூனிட் 10 ரூபாய், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள். செட்டிநாட்டில் நிறுத்த இடத்துக்கா பஞ்சம்? முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை வீடு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகும். ஆனால் அந்தப் பழைய வயரிங்கில் சார்ஜரை மாட்டாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த் போடுங்கள். வெளியூர்ப் பயணத்துக்குப் பங்க் சார்ஜரை நம்பினால், கிளம்பும் முன் எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். 40 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்ற 24 யூனிட் வேண்டும்; 30 கிலோவாட் மெஷினில் முக்கால் மணிக்கு மேல் ஆகும். அது இன்று வேலை செய்கிறதா என்பதையும் போனில் கேட்டுவிடுங்கள். பலகை இருக்கும், மெஷின் தூங்கும்.

பேட்டரி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதே காரைக்குடியில்தான் இருக்கிறது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊருக்குப் பக்கத்தில் நின்று நான் டீசல் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

சரி, கணக்குப் போட்டு டீசலையே வைத்துக்கொள்கிறீர்கள் என்றால், அதைக் கேட்டு வாங்கப் பழகுங்கள். அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் கேனைக் கேளுங்கள். முத்திரை போட்ட கேன் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் சண்டை போடலாம். தரத்தில் சந்தேகம் என்றால் டென்சிட்டி, அதாவது அடர்த்தி பார்க்கச் சொல்லுங்கள். அரை லிட்டர் கண்ணாடி ஜாரில் டீசலைப் பிடித்து, ஹைட்ரோமீட்டரை மெல்ல விட்டு, ஆடி நின்றதும் கண்ணை எண்ணெய் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் தப்பாக வரும். கூடவே தெர்மாமீட்டர். போன வாரம் ஓர் ஆலை லாரித் தம்பி, "815தான் காட்டுது, கலப்படம்ணே" என்று குதித்தான். டீசல் அப்போது 34 டிகிரி சூட்டில் இருந்தது; சூட்டில் டென்சிட்டி குறைவாகத்தான் காட்டும். அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்றினால் 828 சொச்சம் வந்தது. அன்று காலை ரிஜிஸ்டரில் எழுதியிருந்ததும் 828. டேங்கர் கொண்டுவந்த ரசீதில் உள்ள டென்சிட்டியிலிருந்து மூன்று புள்ளிக்கு மேல் விலகினால்தான் கேள்வி.

தண்ணீர் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். சில வருஷம் முன்பு ஓர் ஐப்பசி, ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் டிப் ராட் (டேங்கில் அளவு பார்க்கும் கம்பி) நுனியில், தண்ணீரைக் காட்டும் பேஸ்ட் தடவி, பங்க் டேங்குக்குள் விட வேண்டும். அடியில் தண்ணீர் இருந்தால் பேஸ்ட் நிறம் மாறிவிடும். சம்பள நாள் அவசரத்தில் அதை விட்டுவிட்டேன். மூடி வாஷர் கிழிந்து மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. முதலில் போட்ட நெல் லாரி கண்டனூர் தாண்டவில்லை. டேங்கைக் காலி செய்து, ஃபில்டர் மாற்றி, லோடை வேறு வண்டியில் ஏற்றி, அந்த மாதச் சம்பளத்தில் எனக்கும் பிடித்தம். அதனால் சொல்கிறேன்: பெருமழைக்கு மறுநாள் போட வருகிறீர்கள் என்றால் "பேஸ்ட் போட்டுப் பாத்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கோபப்படுகிற பங்க்கில் போடாதீர்கள். உங்கள் வண்டியின் டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரையும் சர்வீஸில் வடிக்கச் சொல்லுங்கள்.

புது லாரி வைத்திருப்பவர்களுக்கு: நீல மூடி, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாத் தண்ணீருக்கு. அதில் யூரியா 32.5 சதவீதம், மீதி சுத்தம் செய்த தண்ணீர். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றுகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். இன்ஜெக்டரும் கேட்டலிஸ்ட்டும் போய்விடும். யூரியாத் தண்ணீரை டீசல் டேங்கில் தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாமல் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி முப்பது நாள் நோட்டை எழுதி, நேற்று டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வாரம் ஒருமுறை பிள்ளையார்பட்டி, மாதம் இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரி, மீதி நாளெல்லாம் கொட்டகையில். மொத்தம் 640 கிலோமீட்டர். இருக்கிற வண்டியையே ஓட்டுங்கள், அடுத்தது டீசல் வேண்டாம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.