முதுமையில் கடவுச்சீட்டு: புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா?

யாழ்ப்பாணத்தில் எழுபது வயதை நெருங்கிய ஒருவரின் கடவுச்சீட்டு காலாவதியாகப் போகிறது என்றால், அதைப் புதுப்பிக்கும் முடிவைப் பெரும்பாலும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கும் பிள்ளைகளே தொலைபேசியில் எடுத்துவிடுகிறார்கள். எந்தப் பயணத்துக்காக என்று எவரும் கேட்பதில்லை. மறுபக்கத்தில், “இனி நான் எங்கே போகப் போகிறேன்” என்று சலித்துக்கொண்டு அலுமாரிக்குள் போட்டுவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களிற் சிலருக்குச் சென்னையில் ஒரு சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட பின்னர்தான் அந்தப் புத்தகத்தின் நினைவு வருகிறது. இந்த இரண்டு அவசரங்களையும் தவிர்த்து, ஆறுதலாக இருந்து எவ்வாறு முடிவெடுக்கலாம் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முதலில் ஒரு பயத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு காலாவதியாவதால் எந்த உரிமையும் பறிபோவதில்லை. பிந்திப் புதுப்பித்ததற்காகத் தண்டப்பணமும் அறவிடப்படுவதில்லை. இப்போது வளர்ந்தவர்களுக்கு வழங்கப்படும் கடவுச்சீட்டு 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். முன்னைய காலத்தைப்போலக் கால நீடிப்பு முத்திரை குத்தித் தரும் வழக்கம் இல்லாததால், புதுப்பித்தல் என்பது உண்மையில் புதிய இலக்கத்தோடு புதிய புத்தகம் பெறுவதே ஆகும். ஆகவே இன்று விட்டுவிட்டவர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வழியில் விண்ணப்பிக்கலாம். முன்கூட்டியே புதுப்பித்தால், பழைய புத்தகத்தில் மிஞ்சியிருக்கும் மாதங்கள் புதியதில் சேர்க்கப்படுவதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் முடிவு எதில் தங்கியிருக்கிறது? வயதில் இல்லை என்பதே என் எண்ணம். போக வேண்டி வரக்கூடிய நாடு எது என்பதிலும், கூடப் போகக்கூடியவர் யார் என்பதிலுமே அது தங்கியிருக்கிறது. கடவுச்சீட்டு படலையை மட்டுமே திறக்கும். வீட்டுக் கதவைத் திறப்பது விசாதான். சில நாடுகளில் படலைக்கும் கதவுக்கும் இடையே சில நாட்கள்; வேறு சிலவற்றில் பல மாதங்கள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவருக்குச் செல்லுபடியான கடவுச்சீட்டு உடனடிப் பயன் தரும் நாடு இந்தியாதான். பலாலியில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது; கொரோனாக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது; 2024 செப்டெம்பரில் இன்டிகோ விமான நிறுவனமும் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது; 2025இல் திருச்சிக்கும் சேவை வந்தது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கான கப்பற் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடைக்கிடை நின்று, மீண்டும் நடக்கிறது. கட்டுநாயக்காவுக்கு இரவிரவாகப் பயணப்பட்டு, அங்கே மணிக்கணக்கிற் காத்திருந்து பறப்பதைவிட இது முதியவர்களின் உடலுக்கு எவ்வளவோ இதமானது. இந்திய விசாவை இணையவழியாகவே பெறலாம். மருத்துவத்துக்கெனத் தனி விசாவும், நோயாளியுடன் செல்பவருக்கென இன்னொரு வகையும் உண்டு. ஆனால் இணையவழி விசாவை ஏற்கும் விமான நிலையங்களும் துறைமுகங்களும் பட்டியலிடப்பட்டவை. சென்னையும் திருச்சியும் அதில் உள்ளன. கப்பலில் போக நினைப்பவர் நுழையும் துறைமுகமும் பட்டியலில் இருக்கிறதா என்று அப்போதைய நிலையைப் பார்த்துவிட்டே சீட்டு எடுக்க வேண்டும். சிதம்பரத்துக்கோ இராமேஸ்வரத்துக்கோ போகும் ஆசை மனத்தில் இருப்பவரும், சென்னையிலோ வேலூரிலோ மருத்துவரைத் தொடர்ந்து பார்க்க வேண்டியவரும் இரண்டாம் யோசனை இல்லாமற் புதுப்பிக்கலாம். சிங்கப்பூரில் பிள்ளை இருப்பவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். குறுகிய தங்கலுக்கு அங்கே இலங்கையருக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை.

கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய நாடுகள், அவுஸ்திரேலியா என்று வரும்போது கதை வேறு. அங்கே கடவுச்சீட்டு முதற்படி மாத்திரமே. கனடாவில் பெற்றோருக்கும் பேரன் பேத்தி கண்டவர்களுக்கும் உரிய சுப்பர் விசாவை எடுத்துக்கொள்வோம்: ஒருமுறை சென்றால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம், 10 ஆண்டுகள் வரை பலமுறை போய்வர அனுமதி கிடைக்கலாம், ஆனால் மருத்துவப் பரிசோதனையும், குறைந்தது 100,000 கனேடிய டொலர் பெறுமதியான ஓர் ஆண்டு மருத்துவக் காப்புறுதியும், அழைக்கும் பிள்ளையின் வருமானச் சான்றும் வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்தக் காப்புறுதியின் தவணைப் பணம் பல குடும்பங்களை இருமுறை யோசிக்க வைக்கும். அதை விசாரித்தறியாமற் கடவுச்சீட்டுக்கு ஓடுவது வரிசை மாறிய வேலை. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான பயணக் காப்புறுதியைக் கேட்கின்றன. 75 வயதைத் தாண்டியவர்களிடம் அவுஸ்திரேலியா மருத்துவப் பரிசோதனையைக் கேட்கலாம்.

இந்த நாடுகளுக்குப் போவது உறுதி என்றால், பழைய புத்தகத்தில் எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்பது மிக முக்கியமாகிவிடுகிறது. கனடாவின் விசா கடவுச்சீட்டின் கடைசி நாளைத் தாண்டி வழங்கப்படுவதில்லை. இரண்டு ஆண்டுகள் மட்டுமே மிச்சமுள்ள புத்தகத்தில் விசா எடுப்பவர், பத்து ஆண்டுகளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய அனுமதியை இரண்டு ஆண்டுகளாகச் சுருக்கிக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியவராகிறார். அத்தகையவர் காலாவதிக்குக் காத்திராமல் முதலில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிட்டு, பின்னர் விசாவுக்கு விண்ணப்பிப்பதே சரியான ஒழுங்கு. ஷெங்கன் நாடுகளோ புத்தகம் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின்னர் குறைந்தது மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும் இருக்கவேண்டும் என்கின்றன. இந்தியா உட்பட வேறு பல நாடுகள் ஆறு மாதங்களைக் கேட்கின்றன. எனவே பத்தாண்டுப் புத்தகத்தை ஒன்பதரை ஆண்டுப் புத்தகம் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

“அங்கே பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஓடிப்போகக் கையில் ஒன்று இருக்கட்டும்” என்ற வாதத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பெற்ற மனம் அப்படித்தான் நினைக்கும். ஆயினும் விசா இல்லாத கடவுச்சீட்டோடு எவரும் அடுத்த வாரம் ரொறன்ரோவில் இறங்க முடியாது. அந்தப் பயமே புதுப்பிப்பதற்கான காரணம் என்றால், வேலையைப் பாதியில் நிறுத்தாமல், உடம்பு இயலும் காலத்திலேயே பலமுறை போய்வரும் விசாவையும் எடுத்துவைக்க வேண்டும். அதற்குப் பணமோ மனமோ இல்லை என்றால், வெறும் புத்தகம் அந்தப் பயத்துக்கு மருந்தாகாது.

அடுத்தது துணை. முதியவர் தனியே பறப்பது அரிது. மருத்துவத்துக்கென்றால் அது சரிவரவும் மாட்டாது. ஐயாவின் கடவுச்சீட்டு செல்லுபடியாகி, அம்மாவினது காலாவதியாகி இருந்தால், அந்த வீட்டில் பயணத்துக்கு ஆயத்தமானவர் ஒருவருமில்லை என்றே கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர்களோடு இருந்து பார்க்கும் மகளோ மருமகனோ பெறாமகனோ எவராயினும், அவருடைய கடவுச்சீட்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பல வீடுகளில் உண்மையிற் புதுப்பிக்கப்பட வேண்டியது இந்த மூன்றாமவரின் புத்தகமே; அதைப் பற்றி வெளிநாட்டுத் தொலைபேசிகளில் எவரும் பேசுவதில்லை.

விட்டுவிடுவதே நல்லது என்று சொல்லக்கூடிய நிலைகளும் உண்டு. நீண்ட நேரம் இருக்க முடியாதவர், புதிய இடத்தில் இரவில் எழுந்து தடுமாறும் நினைவுத் தளர்ச்சி உள்ளவர், கிழமைக்கு இருமுறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர் ஆகியோருக்குப் பிள்ளைகள் இங்கே வந்து பார்ப்பதே நடைமுறை. விமானச் செலவும் காப்புறுதியும் சேர்ந்த தொகையில் பிள்ளைகளில் ஒருவர் இங்கே வந்துபோகலாம். இன்னுஞ் சிலர் நல்ல சுகத்தோடு இருந்தும், பனிக்காலத்து அடைபட்ட வீட்டு வாழ்க்கையை ஒருமுறை கண்டுவிட்டுத் திரும்பப் போக விரும்பாதவர்கள். அந்த விருப்பமின்மையும் ஒரு காரணமே. அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரிடமே கடைசிக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

அடையாளத்துக்காகப் புதுப்பிக்க வேண்டியதில்லை. வங்கி, ஓய்வூதியம், வாக்களிப்பு எதற்கும் தேசிய அடையாள அட்டை போதும். அது மங்கிப்போயிருந்தால் கிராம அலுவலரூடாகப் புதிய அட்டைக்கு விண்ணப்பிப்பது செலவு குறைந்த வழி.

இனி, புதுப்பிப்பது என்று தீர்மானித்தவர்களுக்கு. முன்பு பத்தரமுல்லையிலுள்ள தலைமை அலுவலகத்துக்கோ வவுனியாவிலுள்ள கிளைக்கோ போக வேண்டியிருந்தது. 2024இல் வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பத்தரமுல்லையில் நின்ற வரிசைகள் பலருக்கு நினைவிருக்கும். 2025 செப்டெம்பரில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே திறக்கப்பட்டுவிட்டதால், அலைச்சலை அஞ்சித் தள்ளிப்போட்டவர்களின் காரணம் இப்போது பெரிதும் குறைந்துவிட்டது. ஒருநாள் சேவைக்கான கட்டணம் அதிகம். சாதாரண சேவைக்குக் கட்டணம் குறைவு. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், போகுமுன் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பயண நாள் குறிக்கப்படாத முதியவர் ஒருவர் ஒருநாள் சேவைக்குக் கூடுதற் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

ஒளிப்படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவிலேயே எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை நேரடியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டு ஒன்றைத் தருவார்கள். அதைத் தவறவிடாமல் விண்ணப்பத்தோடு கொண்டுபோக வேண்டும். கைவிரல் அடையாளம் 16 முதல் 60 வயது வரையானவர்களிடமே பெறப்படுகிறது. ஆகவே தேய்ந்த விரல் ரேகை பதியுமா என்று மண்வெட்டி பிடித்த கைகள் கவலைப்பட வேண்டியதில்லை. தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு ஆகியவற்றின் மூலப் பிரதிகளோடு நிழற்பிரதிகளையும் எடுத்துச் செல்ல வேண்டும்; கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் பெண்கள் திருமணச் சான்றிதழையும் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு உண்மையான சிக்கல் வருவது இந்தப் பத்திரங்களில்தான். 1995 இடப்பெயர்விலும் அதற்குப் பின்னரும் வீட்டோடு பத்திரங்களையும் இழந்தவர்கள் பலர். பிறப்பு எங்கே பதியப்பட்டதோ அந்தப் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பதிவே கிடைக்காதவிடத்து அடுத்து என்ன செய்வது என்பதையும் அங்கேயே கேட்டறிய வேண்டும். இதற்கு வாரங்கள் செல்லலாம் என்பதால், கடவுச்சீட்டைப் பற்றி இன்னும் முடிவெடுக்காதவர்கூட இந்தப் பிரதியை இப்போதே எடுத்துவைப்பது நல்லது; காணி, ஓய்வூதிய அலுவல்களுக்கும் அது உதவும். பெயர் இன்னொரு தொல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டலிலும், பழைய கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறியும் இருப்பது இங்கே சாதாரணம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெற்றோருக்கான விசாவில் உறவை நிறுவுவது அந்தப் பத்திரமே. வேறுபாடு இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திக்கொள்வது, பின்னர் தூதரகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதுவதைவிட இலகுவானது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஊருக்குத் திரும்பி வந்திருப்பவர்கள் இந்த விண்ணப்பத்தை நிரப்பக் கூடாது. இரட்டைக் குடியுரிமை பெற்றிருந்தாலன்றி இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அவர்களுக்கு உரித்தில்லை.

பழைய புத்தகத்தை எறிந்துவிடக் கூடாது. அதில் கனடாவினதோ அமெரிக்காவினதோ காலாவதியாகாத விசா இருந்தால், புதிய கடவுச்சீட்டோடு பழையதையும் சேர்த்துக் கொண்டுபோய் அந்த விசாவைப் பயன்படுத்தலாம். ஆகவே ஒப்படைக்கும்போதே அந்த விசா இருக்கும் பக்கத்தை அலுவலருக்குக் காட்டி, புத்தகம் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். புதியது கைக்கு வந்ததும் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் ஆகிய மூன்றையும் அங்கேயே எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு, மாறிய கடவுச்சீட்டு இலக்கத்தை விமானச்சீட்டுப் பதிவு செய்யும் பிள்ளைக்கு அறிவிக்க வேண்டும்.