ஆய்வகச் செய்முறைக் குறிப்பில் எவ்வளவு எழுத வேண்டும்?

"சிறிது நேரம் சுழற்றவும். மேல்நீரை அகற்றவும். பஃபரில் கரைக்கவும்." எழுதியவருக்கு இது போதும், அவருக்குக் கைப்பழக்கம் உண்டு. புதிதாக வந்தவரோ எவ்வளவு நேரம், எந்த வேகம், எவ்வளவு பஃபர் (அமில-கார அளவு மாறாமல் காக்கும் கரைசல்) என்று மூன்று இடத்தில் தடுமாறி நிற்பார். எத்தனால் சேர்த்து டி.என்.ஏ.வை வீழ்படிவாக்கும் அன்றாட வேலையை வைத்து ஒரு குறிப்பு எழுதிப் பழகுவோம்.

படி 1: யார் படிக்கப்போகிறார் என்று முடிவு செய்யுங்கள். பிபெட் பிடிக்கத் தெரிந்தவர், ஆனால் இந்தச் சோதனையை ஒருமுறைகூடச் செய்யாதவர். அவரை மனத்தில் வைத்தால், பிபெட்டை அழுத்துவது எப்படி என்றெல்லாம் விளக்க வேண்டியிராது.

படி 2: நினைவிலிருந்து எழுதாதீர்கள். சோதனையைச் செய்துகொண்டே எழுதுங்கள். கை தானாகச் செய்துவிடும் காரியங்கள் நினைவில் வருவதே இல்லை.

படி 3: ஒவ்வொரு வரியிலும் கேளுங்கள்: இது மாறினால் முடிவு மாறுமா? மாறும் என்றால் எண்ணும் அலகும் கட்டாயம். "நிமிடத்துக்கு 10,000 சுற்று" என்பதுகூடப் போதாது. சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழற்றும் கருவியில் ட்யூபைத் தாங்கிச் சுழலும் ரோட்டரின் ஆரம் 7 செ.மீ. என்றால் அந்த வேகத்தில் கிடைப்பது புவியீர்ப்பைப்போல் சுமார் 7,800 மடங்கு விசை, 10 செ.மீ. என்றால் சுமார் 11,200 மடங்கு. ஆகவே "12,000 ஜி, 15 நிமிடம், 4 டிகிரி" என்று எழுதுங்கள்; ஜி என்பது இந்த மடங்குதான். எந்தக் கருவிக்கும் பொருந்தும். டிரிஸ் பஃபருக்கு பிஎச் எழுதும்போது வெப்பநிலையையும் சேருங்கள். 25 டிகிரியில் 8.0 ஆக வைத்தது, 4 டிகிரியில் சுமார் 8.6 ஆகிவிடும். உப்புகளுக்கு நீரேற்ற வடிவமும் வேண்டும்: 0.1 மோலார் காப்பர் சல்பேட் 1 லிட்டர் தயாரிக்க, நீரற்ற உப்பு என்றால் 15.96 கிராம், ஐந்து நீர் மூலக்கூறு கொண்டது என்றால் 24.97 கிராம்.

படி 4: கண்ணுக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால், குறிப்புகளில் அதிகம் விடுபடுவது இதுதான். டி.என்.ஏ. பெல்லட் (சுழற்றியபின் ட்யூபின் அடியில் ஒட்டும் படிவு) பல சமயம் கண்ணுக்கே தெரியாது. புதியவர் பதறி ட்யூபையே கொட்டிவிடுவார். "ட்யூப் மூடியின் கீல் வெளிப்பக்கம் இருக்கும்படி சென்ட்ரிஃபியூஜில் வைக்கவும். பெல்லட் கீல் உள்ள பக்கத்தில், அடியில் படியும். தெரியாவிட்டாலும் அங்கே இருப்பதாகக் கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து நீரை உறிஞ்சவும்." இந்த மூன்று வாக்கியம் ஒரு நாள் உழைப்பைக் காப்பாற்றும். அதேபோல் "அதிகம் உலர்த்த வேண்டாம், பிறகு கரைவது கடினம்" என்று எச்சரிக்கைக்குப் பக்கத்திலேயே காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தவர் அந்த வரியைத் தாண்டிப் போகமாட்டார்.

எங்கே நிறுத்தலாம் என்பதையும் குறியுங்கள். எத்தனால் சேர்த்த பிறகு மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். இது தெரியாமல் இரவு வெகுநேரம் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

படி 5: இனி வெட்டுங்கள். கோட்பாட்டு விளக்கம், எந்த நிறுவனத்து ட்யூப் என்பது (முடிவை மாற்றாதவரை), எல்லோருக்கும் தெரிந்த கைவேலை எல்லாம் போகட்டும். ஒரு படியில் ஒரு செயல்தான் இருக்க வேண்டும். கையுறையோடு நின்றுகொண்டு பத்தி படிக்க முடியாது.

படி 6: குறிப்பை வேறொருவரிடம் கொடுத்து, அவர் செய்யும்போது பக்கத்தில் வாய்திறக்காமல் நில்லுங்கள். அவர் உங்களை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி குறைகிறது. அதைச் சேர்த்து, தேதியும் பதிப்பு எண்ணும் மேலே எழுதி, பழைய தாளை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.