கழிவுநீர்க் குளங்களைப் பராமரிப்பது எப்படி

சின்ன ஊருக்குக் கழிவுநீர் நிலையம் அமைக்க நிலம் தாராளமாக இருந்தால், மோட்டார் வைத்துக் காற்று ஊதும் தொட்டியைவிட வரிசையாக மூன்று குளங்களே மேல் என்பது என் கட்சி. கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஆனால் தினமும் ஒருவர் கரையைச் சுற்றி வரவேண்டும், பல ஊர்களில் கோட்டை விடுவது இதைத்தான்.

முதலில் நீர் நுழையும் இடத்துக் கம்பித் தடுப்பு. அங்கே சிக்கும் துணி, பிளாஸ்டிக், முடியைத் தினமும் வாரி உடனே புதைத்துவிடுங்கள், கரையில் குவித்தால் ஈ மொய்க்கும். மணல் படியும் வாய்க்காலையும் அவ்வப்போது வழியுங்கள்.

அப்புறம் குளங்கள். முதல் குளம் இரண்டு முதல் ஐந்து மீட்டர் ஆழம், ஆக்சிஜன் இல்லாமலே அழுக்கு சிதைவது அங்கேதான். அதன் மேல் படரும் தடித்த படலத்தை அழுக்கென்று கலைத்துவிடாதீர்கள், வாடையை அடக்குவதே அது. இரண்டாவது சுமார் ஒன்றரை மீட்டர்தான், இங்கே நிலைமை தலைகீழ்: படலம் மிதந்தால் வலை போட்டு எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பாசிக்கு வெயில் வேண்டும், பாசி விடும் ஆக்சிஜனை வைத்துத்தான் பாக்டீரியா பிழைக்கிறது. மூன்றாவது, கிருமியைக் குறைப்பதற்கு.

இரண்டாவது குளத்தின் நிறத்தை மட்டும் தினமும் எழுதி வையுங்கள். பளிச்சென்ற பச்சை என்றால் சரி. சாம்பல் அல்லது கருப்பாக மாறி அழுகிய முட்டை வாடை வந்தால் தாங்கும் அளவுக்கு மேல் அழுக்கு வருகிறது என்று அர்த்தம். இளஞ்சிவப்போ ஊதாவோ தெரிந்தாலும் அதே எச்சரிக்கைதான், கந்தகத்தை உண்ணும் ஒருவகை பாக்டீரியா பெருகியிருக்கும். எந்தத் தொழிற்கூடமாவது திடீரென்று கழிவை விடுகிறதா என்று பாருங்கள், இணையாக இன்னொரு குளம் இருந்தால் கொஞ்ச நாள் வரத்தை அதற்குத் திருப்புங்கள்.

ஆக்சிஜனை அளப்பதாக இருந்தால் நேரம் முக்கியம். பிற்பகலில் அளந்தால் எந்தக் குளமும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும், இரவெல்லாம் பாசியும் சேர்ந்து மூச்சு விட்டு ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும் விடியற்காலையில் அளந்தால்தான் வண்டவாளம் தெரியும்.

கரையோரப் புல்லை நீர் மட்டம் வரை வெட்டுங்கள், நீரில் சாய்ந்து கிடந்தால் கொசுவுக்குக் கொண்டாட்டம். கரையில் மரம் வேண்டாம், வேர் கரையைத் துளைக்கும். எலி வளை தெரிந்தால் அன்றே அடையுங்கள்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன்: அடைப்பு எடுக்க என்று யாரையும் ஆள்நுழைவுக் குழிக்குள் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், வாடை இல்லையே என்று இறங்கியவர் திரும்ப மாட்டார்.

கசடை வருடம் ஒருமுறை அளக்கலாம். நீளக் கழியின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, படகிலிருந்து செங்குத்தாக மெதுவாக இறக்கி, அடி தட்டியதும் சற்றுப் பொறுத்து நேராகத் தூக்கினால் கசடு ஒட்டிய உயரம் துண்டில் கருப்பாகத் தெரியும். குளத்தின் பல இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள், நுழைவாய்ப் பக்கம் எப்போதும் கூடுதலாக இருக்கும். முதல் குளத்தில் மூன்றில் ஒரு பங்கு கசடு சேர்ந்துவிட்டால் தூர்வார வேண்டும். மழையில்லாத மாதமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், எடுத்த கசடு காய வேண்டுமே. காய்ந்த பிறகும் அதில் புழு முட்டைகள் உயிரோடு இருக்கும் என்பதால் பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு எருவாகப் போட யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.