முதல் செல்லோவைக் குறைந்த விலையில் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்லோ கற்கத் தொடங்குபவரும், பிள்ளையை வகுப்பில் சேர்த்த பெற்றோரும் முதலில் பார்ப்பது விலையைத்தான். அதில் பிழையொன்றும் இல்லை. பயிற்சி தொடருமா என்றே தெரியாத நிலையில், கைவினைஞர் ஒருவர் தனியாக இழைத்துச் செய்த கருவிக்குப் பல லட்சம் ரூபாய் செலவழிப்பது எந்தக் குடும்பத்துக்கும் சரியாக இருக்காது. இணையத்தில் 300 முதல் 500 அமெரிக்க டாலருக்குள் செல்லோ, வில், உறை, வில்லின் முடியில் தடவும் பிசினான ரோசின் எல்லாம் சேர்ந்த தொகுப்புகள் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் செய்யப்படுபவை. அந்தத் தொகையையே செல்லோவின் முழு விலை என்று நம்பிவிடுவதுதான் பெரிய தவறு. தொழிற்சாலை பெட்டியில் வைத்து அனுப்புவது முக்கால்வாசி முடிந்த கருவியைத்தான். மீதி வேலையை யாரேனும் ஒருவர் கையால் செய்து முடிக்க வேண்டும். அந்த வேலைக்கு ‘செட்டப்’ என்று பெயர். விலை குறைவு என்பதால் ஒரு செல்லோ கெட்டுப்போவதில்லை. செட்டப் செய்யாமல் கையில் கொடுக்கப்படுவதால்தான் கெட்டுப்போகிறது.

செல்லோவின் நான்கு தந்திகளும் சுருதி சேர்ந்த நிலையில் ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட இழுவிசையோடு நிற்கின்றன. அந்த விசையின் ஒரு பகுதியை மேற்பலகைக்கு இறக்குவது, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை என்னும் மரக்கட்டை. குதிரை ஒட்டப்படுவதில்லை, தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. ஆகவே அதன் இரண்டு பாதங்களும் மேற்பலகையின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கப்பட்டு, மெல்லிய தாள்கூட நுழைய இடமில்லாதபடி பொருந்த வேண்டும். மலிவான தொகுப்புகளில் வரும் குதிரை பெரும்பாலும் எந்தக் கருவிக்கென்றும் செதுக்கப்படாத, தடித்த, பொதுவான மரத்துண்டாகவே இருக்கிறது. பாதத்துக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி இருந்தால் ஒலி மங்கும். பாதத்தின் ஓரம் பலகையில் பதிந்து வடுவும் உண்டாகும். குதிரையின் மேல்விளிம்பின் வளைவு தட்டையாக இருந்தால், ஒரு தந்தியை மீட்டும்போது வில் பக்கத்துத் தந்தியையும் தொட்டுவிடும். கற்பவரோ தன் கைதான் தடுமாறுகிறது என்று எண்ணிக்கொள்வார்.

இதைவிடக் கேடு விளைவிப்பது தந்தியின் உயரம். உலோகத் தந்தி பூட்டிய முழு அளவுச் செல்லோவில், விரல்பலகை முடியும் இடத்தில் ஏ தந்தி சுமார் 5 மில்லிமீட்டரும், தடித்த சி தந்தி சுமார் 8 மில்லிமீட்டரும் மேலே நிற்பது வழக்கமான அளவு. செட்டப் இல்லாத கருவிகளில் இது கணிசமாகக் கூடியிருப்பதைக் காணலாம். உயரமான தந்தியை அழுத்த அதிக வலு வேண்டும், அந்த வலுவுக்காகக் கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தை இறுக்கிப் பிடிக்கும், மணிக்கட்டு விறைக்கும். அதோடு, அவ்வளவு தூரம் கீழே அழுத்தப்படும் தந்தி இழுபட்டுச் சுருதி சற்று ஏறிவிடுவதால், சரியான இடத்தில் விரலை வைத்தாலும் சுரம் பிசகிக் கேட்கும். பல மாதங்கள் இப்படிப் போராடிய பிள்ளை ‘எனக்கு இது வராது’ என்று விட்டுவிடுகிறது. திறமையில் குறையில்லாத ஒரு பிள்ளை, சில மில்லிமீட்டர் மரத்தை யாரும் செதுக்காமல் விட்டதற்காக இசையைக் கைவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகவே தோன்றுகிறது.

விரல்பலகையின் மேல்முனையில் தந்திகள் படிந்து செல்லும் சிறு கட்டையின் பள்ளங்களும் இதே அளவு முக்கியம். அங்கே தந்திகள் விரல்பலகையை ஒட்டியே செல்ல வேண்டும். அதிலும் மெல்லிய ஏ தந்தியின் கீழ் ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு இடைவெளியே போதும். பள்ளம் ஆழம் குறைந்திருந்தால், கற்பவர் முதல் ஓராண்டு முழுவதும் வாசிக்கும் முதல் நிலையில், அதாவது அந்த மேல்முனைக்கு அருகே விரல்களை வைத்து வாசிக்கும் நிலையில்தான் வலி அதிகமாக இருக்கும். குதிரையைத் தாழ்த்தினாலும் அந்த வலி முழுமையாகத் தீராது.

உள்ளே, மெல்லிய தந்திகளின் பக்கத்துக் குதிரைப் பாதத்துக்குச் சற்றுப் பின்னால், மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே சவுண்ட் போஸ்ட் என்னும் சிறு மரத்தூண் நிற்கிறது. இதுவும் ஒட்டப்படுவதில்லை. இதைச் சிறிதளவு நகர்த்தினாலே ஒலியின் தன்மை மாறும் என்பதால், இரு முனைகளும் பலகைகளின் உட்புறச் சரிவுக்கு ஏற்ப வெட்டப்பட்டிருக்க வேண்டும். தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடைகளையும் சோதிக்க வேண்டும். அவை சீராகச் சுழலவும், விட்ட இடத்தில் நிற்கவும் வேண்டும். துளையும் பிரடையும் ஒரே சரிவில் இழைக்கப்படாவிட்டால் ஒன்று சிக்கிக்கொள்ளும், அல்லது நழுவும். தொடக்கநிலைக் கருவியில் கீழ்ப்பகுதியிலுள்ள தந்திப் பிடிப்பானில் நான்கு தந்திகளுக்கும், சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் சிறு திருகான ஃபைன் டியூனர் இருப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். சுருதி சேர்ப்பதிலேயே பயிற்சி நேரத்தில் பாதி போய்விடக் கூடாது.

ஆகவே, வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘என்ன பிராண்டு?’ என்பதன்று, ‘செட்டப் யார் செய்கிறார், எங்கே செய்கிறார்?’ என்பதே. ஸ்டென்டர், ஈஸ்ட்மன், யமஹா, ருமேனியாவின் ரெகின் நகரிலிருந்து வரும் கிலிகா போன்ற பெயர்கள் மாணவர்களிடையே நன்கு அறியப்பட்டவை. ஆயினும் ஒரே பிராண்டின் ஒரே மாடலை இரண்டு கடைகளில் வாசித்துப் பார்த்தால், இரண்டும் வெவ்வேறு கருவிகள் போல ஒலிக்கலாம். ஒரு கடையில் பணிமனை இருக்கும், மற்றொன்றில் பெட்டியைப் பிரிக்காமலே விற்பார்கள். பணிமனை உள்ள கடை கூடுதலாகக் கேட்கும் தொகை, பின்னர் நீங்கள் தனியாகக் குதிரைக்கும் தந்திக்கும் கூலிக்கும் கொடுக்கப்போகும் தொகையைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சென்னை போன்ற நகரங்களில் வயலினைப் பழுதுபார்ப்பவர்கள் கிடைப்பார்கள். எனினும் செல்லோவின் குதிரையும் தூணும் அளவில் வேறு என்பதால், அவர் செல்லோவில் வேலை செய்து பழகியவரா என்பதை உங்கள் ஆசிரியரிடம் விசாரித்த பிறகே கருவியைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த தவறு, பளபளப்பைப் பார்த்து மரத்தைப் பார்க்காமல் விடுவது. மரபான செல்லோவில் மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தாலும், அடிப்பலகை, பக்கங்கள், கழுத்து ஆகியவை மேப்பிள் மரத்தாலும், விரல்பலகை கருங்காலியாலும் செய்யப்படுகின்றன. மிக மலிவான கருவிகளில் மேற்பலகை ஒட்டுப்பலகையாக இருக்கும். மேற்பலகையில் உள்ள ஒலித்துளையின் விளிம்பை விளக்கொளியில் உற்றுப் பாருங்கள். மேற்பரப்பின் ரேகைகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது ஒரே மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகைச் செல்லோவை முற்றாக ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் ஒலி சற்று அடைத்தாற்போல் இருந்தாலும், ஈரப்பதம் ஏறி இறங்கும் வீட்டிலும், பேருந்தில் ஏற்றி இறக்க வேண்டிய பள்ளிப் பயன்பாட்டிலும் அது எளிதில் விரிசல் விடாது. விரல்பலகையில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கறுப்புச் சாயம் பூசிய மென்மையான மரத்தில் தந்திகள் விரைவிலேயே பள்ளம் பறித்துவிடும். பிறகு சுரங்கள் இரைச்சலோடு ஒலிக்கும், பலகையை இழைத்துச் சமன்படுத்த மீண்டும் செலவாகும். இளஞ்சிவப்பு, நீலம் என்று வண்ணம் பூசிய கருவிகளைப் பிள்ளைகள் ஆசையோடு கேட்பார்கள்; தடித்த அந்தப் பூச்சு பலகையின் அதிர்வை அமுக்கிவிடும்.

பழைய கருவி வாங்குவோர் உள்ளே ஒட்டிய சீட்டை நம்பி ஏமாறுவது இன்னும் நடக்கிறது. அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி 1737-இல் காலமானார். அவர் பெயரும் ஆண்டும் அச்சிட்ட சீட்டுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பியப் பட்டறைகள் ஆயிரக்கணக்கான சாதாரணக் கருவிகளுக்குள் ஒட்டி அனுப்பியிருக்கின்றன. சீட்டை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். பலகைகள் சேரும் ஓரங்களில் ஒட்டு விட்டிருந்தால் கவலை வேண்டாம். மரத்துக்குச் சேதமில்லாமல் மறுபடி ஒட்டும்படிதான் அங்கே விலங்குப் பசை பயன்படுத்தப்படுகிறது. சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில், அதிலும் குறிப்பாக அடிப்பலகையில், விரிசல் ஓடியிருந்தால் வாங்காதீர்கள். அதைச் சரிசெய்யும் செலவு மலிவான செல்லோவின் விலையையே தாண்டிவிடும். கழுத்து முன்னோக்கிச் சாய்ந்து விரல்பலகை தாழ்ந்துபோன கருவியும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

அளவு விஷயத்தில் பெற்றோர் செய்யும் தவறு நல்லெண்ணத்தில் பிறப்பது: ‘வளரும் பிள்ளைதானே’ என்று ஒரு அளவு பெரியதாக வாங்குவது. செல்லோ 4/4, 3/4, 1/2, 1/4, 1/8 என்ற அளவுகளில் வருகிறது. இவை பெயர்கள் மட்டுமே. 1/2 செல்லோ முழுச் செல்லோவின் பாதி நீளம் கொண்டதன்று. முழு அளவுக் கருவியில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர். முதல் நிலையில் ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே மூன்று அரைச்சுர இடைவெளி வேண்டும். இந்த நீளத்தில் அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். 3/4 அளவில் அது 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைகிறது. சிறு கைக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு மிகப் பெரியது. அட்டவணையில் வயதைப் பார்த்து முடிவு செய்யாமல், பிள்ளையைப் பாதங்கள் தரையில் படும்படி நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள். கருவியின் உடலின் மேல்விளிம்பு மார்பெலும்பில் படிய, கீழ்ப்பகுதி இரு முழங்கால்களுக்கும் இடையே அமைய, சி தந்தியின் பிரடை இடது காதின் அருகே வந்தால் அளவு ஏறக்குறைய சரி. இரண்டு அளவுகளுக்கு நடுவே நின்றால் சிறியதையே எடுங்கள்.

பிள்ளைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவு மாறுவார்கள் என்பதால், வாடகைக்குக் கிடைக்கும் ஊரில் வாங்குவதே பல நேரங்களில் தவறாகிவிடும். லண்டன், டொராண்டோ போன்ற நகரங்களில் செல்லோவை மாத வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. செலுத்திய வாடகையின் ஒரு பகுதியைப் பின்னர் வாங்கும் விலையில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடும் பல கடைகளில் இருக்கிறது. வாடகைக் கருவி பழுதானால் அதைப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் படித்துக்கொள்ள வேண்டும். வாங்கத்தான் வேண்டுமென்றால், பழைய அளவைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த அளவைத் தரும் கடையைத் தேடுங்கள்.

தொகுப்போடு வரும் வில்லையும் தந்திகளையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்து அதன் நீளவாக்கில் பாருங்கள். பக்கவாட்டில் வளைந்திருந்தால் மாற்றிக் கேளுங்கள். முடியை வாசிக்கும் அளவுக்கு முறுக்கிய பிறகும் வில்லின் தண்டு முடியை நோக்கிச் சற்று உள்வளைந்தே இருக்க வேண்டும், நேராகிவிடக் கூடாது. மலிவான மரவில்லைவிட எளிய கார்பன் ஃபைபர் வில் தொடக்கநிலைக்கு நம்பகமானது என்பது என் எண்ணம். புதிய வில்லில் ரோசின் தடவாமல் மீட்டினால் ஒலியே எழாது. கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். தந்திகளை மாற்றக் கையில் பணம் குறைவாக இருந்தால், டடாரியோவின் ப்ரெலூட் போன்ற மாணவர் தந்திகளே தொழிற்சாலைத் தந்திகளைவிடக் கேட்கத்தக்க மாற்றத்தைத் தரும். ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும், பெரும்பாலும் ஈக்கும் எஃப் ஷார்ப்புக்கும் இடையில், கருவி திக்கித் திணறி உறுமினால் அதையும் குறையென்று எண்ண வேண்டாம். உல்ஃப் நோட் எனப்படும் இது விலையுயர்ந்த செல்லோக்களிலும் உண்டு. குதிரைக்குக் கீழே தந்தியில் மாட்டும் ஒரு சிறு உலோகக் குழாயால் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

கருவி வீட்டுக்கு வந்ததும் அவசரப்பட்டுத் தந்திகளை முறுக்குவது ஆபத்தான தவறு. பயணத்தில் குதிரையும் உள்ளிருக்கும் தூணும் விழுந்திருக்கக்கூடும். ஒலித்துளை வழியாகக் கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். தூண் படுத்துக் கிடந்தால் தந்திகளைத் தளர்வாகவே விட்டுவிட்டுப் பணிமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். தூணின்றி முழு இழுவிசையைத் தாங்கும்போது மேற்பலகை அமுங்கி விரிசல் விடும். தூண் நின்றிருந்தால், ஏ தந்தியை 220 ஹெர்ட்ஸுக்குச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். சுருதிக் கருவியோ செயலியோ ‘ஏ’ என்ற எழுத்தை மட்டும் காட்டினால், எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். அதைப் பாராமல் வயலினின் 440-ஐ நோக்கி முறுக்கித் தந்தியை அறுத்துக்கொள்பவர்கள் உண்டு. முறுக்கும்போது குதிரையின் மேல்முனை விரல்பலகைப் பக்கம் சாயத் தொடங்கும். அவ்வப்போது இரு கைகளாலும் மெல்லப் பின்னுக்கு இழுத்து நேராக்க வேண்டும்.

கருவி இருக்கும் அறையில் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு வரை இருப்பது நல்லது. டொராண்டோவின் குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டின் உலர்காற்று பலகையைப் பிளக்கும். சென்னையின் மழைக்காலத்தில் பிரடைகள் உப்பிச் சிக்கிக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு பிற்பகல் இருந்தாலே விலங்குப் பசை இளகி ஒட்டுகள் விட்டுவிடும். செல்லோவோடு கடைக்குப் போகும் வழியில் வேறு வேலை இருந்தால், கருவியையும் தூக்கிக்கொண்டே இறங்குங்கள்.