கல்லூரி வளாகத்தில் பொதுக்கலை: முன்மொழிவை எழுதும் முறை

கல்லூரியில் ஒரு சுவரோவியமோ சிற்பமோ வேண்டும் என்று விரும்பும் மாணவர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் அழகான மாதிரிப் படத்தோடுதான் நிர்வாகத்திடம் செல்கிறார்கள். நிர்வாகமோ அது எங்கே அமையும், யார் பராமரிப்பார், எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்றே முதலில் கேட்கும். ஆகவே முன்மொழிவை இடத்திலிருந்து தொடங்குங்கள். படம் பிறகு வரட்டும்.

தேர்ந்தெடுத்த இடத்திற்கு ஒரு வாரமாவது வெவ்வேறு நேரங்களில் சென்று நின்று பாருங்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில், கூரையிட்ட நடைபாதையை ஒட்டிய சுவரின் அடியில், சாரல் தெறித்துப் பாசி படிந்த பச்சைக் கோடு ஒன்று ஏறத்தாழ ஒரு முழ உயரத்தில் ஓடுவதைக் காணலாம். ஓவியம் அந்தக் கோட்டுக்கு மேலேதான் தொடங்க வேண்டும். அந்தச் சுவரைப் படமெடுத்து முன்மொழிவில் சேருங்கள். நடைபாதையை நாள்தோறும் கழுவும் துப்புரவு ஊழியரிடமும் பேசுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். சிற்பமாக இருந்தால் மழைநீர் தேங்கும் குழிகள் இல்லாமலோ, வடிதுளைகளுடனோ வடிவமைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் டெங்கிக் கொசு பெருகும் இடமாக அது மாறினால் எவ்வளவு நல்ல படைப்பானாலும் அகற்றப்பட்டுவிடும்.

இடத்தின் கதையும் வேண்டும். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் சிற்பி சோங் ஃபா சியோங் 2000ஆம் ஆண்டில் அமைத்த, ஆற்றில் குதிக்கும் சிறுவர்களின் வெண்கலச் சிலைகள் பலரையும் நின்று பார்க்க வைப்பதற்குக் காரணம், ஒரு காலத்தில் சிறுவர்கள் உண்மையிலேயே அந்த ஆற்றில் குதித்து விளையாடியதுதான். உங்கள் வளாகத்திலும் அப்படி ஏதேனும் நினைவு இருக்கும். நீண்ட காலம் பணியாற்றிய ஊழியர்களிடம் கேட்டால் கிடைக்கும்.

அனுமதி எழுத்து வடிவில் இருக்க வேண்டும். பொது, தனியார் சொத்துகளைச் சேதப்படுத்துவதைத் தடுக்கும் சிங்கப்பூரின் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி (Vandalism Act), உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றிச் சுவரில் வரைவது குற்றம். விரிவுரையாளர் ஒருவர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னது போதாது. அவசரகால வெளியேறும் வழியை எதுவும் மறைக்கவில்லை என்பதையும், கனமான சிற்பத்தின் அடித்தளத்தைத் தகுதிபெற்ற பொறியாளர் பார்ப்பார் என்பதையும் ஒரே பத்தியில் சொல்லிவிடலாம்.

கட்டடம் இடிக்கப்பட்டால் படைப்பு என்னவாகும் என்பதை எழுத மறக்காதீர்கள். சிற்பி இங் எங் டெங் 1974இல் பிளாசா சிங்கப்பூரா கடைத்தொகுதிக்காக உருவாக்கிய ‘செல்வம்’, ‘மனநிறைவு’ ஆகிய இரு சிற்பங்கள் பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் புது வாழ்வு பெற்றன. சிற்பத்தை இடம் மாற்றலாம், சுவரோவியத்தை அப்படிப் பெயர்த்தெடுப்பது மிகக் கடினம். அதனால் சுவரோவியத்தின் ஆயுளை ஐந்து ஆண்டுகள் என்றோ எட்டு ஆண்டுகள் என்றோ நேர்மையாகக் குறிப்பிடுவதே நல்லது.

தமிழ் எழுத்துகள் இடம்பெறும் படைப்பென்றால் கூடுதல் கவனம் தேவை. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளும் வரும் பலகைகளில் நம் எழுத்து மட்டும் சிதைந்து நிற்பதைப் பார்த்து வருந்தாத தமிழர் இங்கே குறைவு. ஒரு வளாகத்தில், ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு தனியே விலகி, ககரத்திற்குப் பின்னால் போய் நின்றதை நானே பார்த்தேன். முதல் வரைவு சரியாகவே இருந்தது, அச்சுக்கு அனுப்பும் கோப்பாக மாற்றியபோது எழுத்துரு உடைந்திருக்கிறது. எனவே இறுதிக் கோப்பைத் தமிழறிந்த இருவர் தனித்தனியே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பதை வேலைத்திட்டத்திலேயே ஒரு படியாகச் சேருங்கள்.

செலவுப் பட்டியலில் கலைஞருக்கான ஊதியம், சுவரைச் சுரண்டி முதற்பூச்சு அடித்தல், சாரம், காப்புறுதி, கலைஞரின் பெயர்ப்பலகை ஆகியவை தனித்தனியே இருக்கட்டும். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கு ஒதுக்குவது என் பரிந்துரை. மாணவர்கள் இலவசமாக வரைந்து தருவார்கள் என்று எழுதாதீர்கள். அவர்களின் உழைப்புக்கும் மதிப்புண்டு.

காலம் இருந்தால், நவம்பரில் அதே சுவரில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு, அனுமதி பெற்று, அதே வண்ணத்தைப் பூசி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை படமெடுத்து, அந்தப் படங்களைத் தேதியுடன் முன்மொழிவின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக ஒட்டுங்கள்.