எக்கோ சவுண்டர் டிரான்ஸ்டியூசரைப் படகில் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அக்கரைப்பேட்டையிலும் பழையாறிலும் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். அடி சுரண்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி முடிப்பதற்குள் நாள் ஓடிவிடும். கடலின் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் எக்கோ சவுண்டரை மாட்டும் வேலை மட்டும் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளப்படும். அவசரத்தில் கைக்கு வாட்டமான இடத்தில் ஓட்டை போட்டு டிரான்ஸ்டியூசரைப் பொருத்திவிடுவார்கள். தொழிலுக்குப் போன பிறகு திரை முழுக்கப் புள்ளியாகத் தெரியும். "மெஷின் சரியில்லை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெரும்பாலும் மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது.

திரை எத்தனை அங்குலம் என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் கடலைப் பார்ப்பது திரை அல்ல, அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர்தான். அது ஒலியைக் கீழே அனுப்புகிறது, தரையிலும் மீனிலும் பட்டுத் திரும்புவதை வாங்குகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 20 பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்பி வர ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். இந்த ஓட்டத்தைக் கெடுப்பது காற்று. தண்ணீரில் இருக்கும் நுரையும் குமிழியும் ஒலியைக் கடக்க விடாது. டிரான்ஸ்டியூசரின் முகத்தில் எந்நேரமும் குமிழி இல்லாத தண்ணீர் பட வேண்டும். இடம் தேடும்போது இதை மட்டும் மனதில் வைத்தால் பாதித் தவறு நடக்காது.

இடத்தில் நடக்கும் தவறு

ஃபைபர் படகில் பின்பலகையில் மாட்டுவதுதான் வழக்கம். மாட்டுவதற்கு முன் ஒருமுறை படகை ஓட்டிக்கொண்டே பின்பலகைக்கு மேலாகக் குனிந்து தண்ணீரைப் பாருங்கள். அடியில் நீளவாக்கில் ஓடும் வரிகளின் முனையிலிருந்து வெள்ளைக் கோடாக நுரை கிளம்பும். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பின்னால், ஆணி துருத்திய இடத்துக்குப் பின்னால், இன்ஜினுக்குத் தண்ணீர் இழுக்கும் துளைக்குப் பின்னால் எல்லாம் அதே மாதிரி நுரை வரும். இரண்டு நுரைக்கோட்டுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக ஓடும் ஒரு பட்டை இருக்கும். டிரான்ஸ்டியூசருக்கு உரிய இடம் அதுதான். ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்த்து பின்பலகையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளலாம். மெதுவாக ஓட்டும்போது ஒருமுறை, முழு வேகத்தில் ஒருமுறை, ஐஸும் வலையும் ஏற்றிய பாரத்தோடு ஒருமுறை பாருங்கள். பாரம் ஏறினால் நுரைக்கோடு இடம் மாறும். வெறும் படகில் பார்த்துவிட்டு மாட்டுவதே பலர் செய்கிற பிழை.

அவுட்போர்டு இன்ஜின் என்றால் புரொப்பல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். பின்னால் நின்று பார்க்கையில் புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் வலப்பக்கம் நல்லது. அந்தப் பக்கம் புரொப்பல்லர் இறக்கை கீழ்நோக்கி இறங்குவதால் கலங்கல் குறைவு. லாங் டெயில் இன்ஜினில் புரொப்பல்லர் தள்ளி இருப்பதால் நுரைத் தொல்லை அவ்வளவு இல்லை. ஆனால் திருப்பும்போது தண்டு இரண்டு பக்கமும் வீசி வரும், தூக்கும்போது மேலே ஏறும். அந்த வீச்சுக்குள் பிராக்கெட் இருந்தால் ஒரே அடியில் போய்விடும். கரையில் வைத்தே தண்டை முழுக்க இடமும் வலமும் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

பின்பலகைக்குக் கீழே ரொம்பவும் இறக்கி வைக்கக் கூடாது. ஃபைபர் அடியென்றால் முகம் அடிமட்டத்தை விட 3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் போதும். இறங்க இறங்கத் தண்ணீர் அதன் மேல் மோதித் தானே நுரை கிளப்பும். ஏற்றி வைத்தாலோ பின்பலகையின் சுழிப்புக்குள் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் வலை. நிறுவனங்களின் கையேடுகள் பெரும்பாலும் தூண்டில் போடும் உல்லாசப் படகை நினைத்து எழுதப்பட்டவை. அவற்றில் வலையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. செவுள்வலையை இழுத்து ஏற்றுகிற பக்கத்தில் டிரான்ஸ்டியூசரை மாட்டினால் ரம்பம் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும் பிராக்கெட்டில் கண்ணி சிக்கும். வலையும் கிழியும், பிராக்கெட்டும் வளையும். புரொப்பல்லர் கணக்கு ஒரு பக்கம் சொல்லி, வலை மறுபக்கம் சொன்னால் நான் வலையின் பேச்சைத்தான் கேட்பேன். கொஞ்சம் நுரையைத் திரையில் பொறுத்துக்கொள்ளலாம். வலையைக் கிழித்துக்கொள்ள முடியாது.

துறைமுகம் இல்லாமல் மணலில் இழுத்து ஏற்றும் ஊர்களில் இன்னொரு தொல்லை. பின்பலகையில் இறுக்கி மாட்டியது மணலில் உரசியே உடையும். அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் பாக் நீரிணையின் ஆழமில்லாத சேற்றுக் கடலிலும் அதே கதை. அடிபட்டால் தானே மேலே மடங்கும் பிராக்கெட் வாங்குங்கள், கரை சேரும் முன் மடக்கிவிடுங்கள். இல்லையென்றால் படகுக்கு உள்ளேயே ஒட்டும் வகைக்குப் போகலாம்.

உள்ளே ஒட்டும்போது

அடியில் ஓட்டையே போடாமல், உள்பக்கம் பசையால் ஒட்டி, ஃபைபர் வழியாகவே ஒலியை அனுப்பும் முறை இது. நம் கரைக்கு நல்ல முறை, ஆனால் எல்லா இடத்திலும் ஒட்டாது. ஃபைபர் ஒரே கட்டியாக இருக்க வேண்டும். நடுவில் மரமோ ஃபோமோ இருந்தால் அதிலுள்ள காற்று ஒலியைத் தின்றுவிடும்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உடைந்த ஃபைபர் படகுகள் ஏராளம். ஃபைபர் மேட் ஒட்டிச் சரிசெய்து ஓட்டுகிற படகில் அந்த ஒட்டின் மேல் டிரான்ஸ்டியூசரை வைத்தால் கிட்டத்தட்ட எதுவும் தெரியாது. பழைய அடிக்கும் புது மேட்டுக்கும் இடையில் ரெசின் ஏறாத இடங்களில் காற்று அடைபட்டிருக்கும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டியாக "டொக்" என்றால் சரி, பொக்கையாக ஒலித்தால் அந்த இடம் வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன் சோதனை கட்டாயம். முதலில் டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு வெளியே தண்ணீரில் தொங்கவிட்டு ஆழத்தையும் திரையின் தெளிவையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படகுக்குள் நினைத்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதில் அமுக்கி வைத்து அதே ஆழத்தில் பாருங்கள். கொஞ்சம் மங்கும், அது இயல்பு. ஒலி ஃபைபரைப் போகும்போதும் வரும்போதும் கடக்கிறதே. படுமோசமாக மங்கினால் ஒரு முழம் தள்ளி வையுங்கள். இந்தச் சோதனையை ஐந்து பாகத்தில் செய்துவிட்டு முடிவெடுக்காமல், தொழில் செய்யும் ஆழத்தில் செய்யுங்கள்.

பசையில் குமிழி விழுந்தால் அத்தனையும் வீண். சீக்கிரம் இறுகும் வகை வேண்டாம், மெதுவாக இறுகும் எபாக்சி வாங்கி, அடிக்காமல் மெதுவாகக் கலக்கி, டிரான்ஸ்டியூசரை லேசாகத் திருகி அமுக்கிக் குமிழியை வெளியே தள்ளுங்கள். சிலிக்கான் இதற்கு ஆகாது. ஒட்டும் இடத்தில் உள்பக்கப் பெயின்ட்டைச் சுரண்டி மழமழப்பாக்க மறக்காதீர்கள்.

விசைப்படகின் அடியில்

விசைப்படகில் அடியைத் துளைத்துத்தான் பொருத்த வேண்டும். அணியத்திலிருந்து (படகின் முன்முனை) மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், ஏராவை (அடியின் நடுவே ஓடும் கீல்) ஒட்டி வைப்பது நல்லது. அதைவிட முன்னே போனால் ஐப்பசி, கார்த்திகைக் கடலில் அணியம் தூக்கும்போது டிரான்ஸ்டியூசரும் தண்ணீரை விட்டு எழும்பும். பின்னே போனால் இன்ஜின் இரைச்சலும் நுரையும்.

அடி சாய்வாக இருக்கும், டிரான்ஸ்டியூசர் நேராக இருக்க வேண்டும். அந்தச் சாய்வைச் சரிக்கட்ட ஆப்பு மாதிரி செதுக்கிய கட்டை வைப்பார்கள். இதை வைக்காமல் இறுக்கினால் 10 டிகிரி சாய்வுக்கே 30 மீட்டர் ஆழத்தில் ஒலி 5 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழும். ஆழம் கூடுதலாகக் காட்டும், எதிரொலியும் பலவீனமாகத் திரும்பும். இழுவைமடி (தரையோடு இழுக்கும் வலை) போடுகிறவருக்கு இது சாதாரண விஷயமல்ல. பார் (கடலடிப் பாறை) என்றால் தரைக்கோடு தடித்துத் தெரியும், அதன் கீழே இரட்டை ஆழத்தில் இரண்டாவது கோடும் வரும். சேறு என்றால் கோடு மெலியும். சாய்ந்த டிரான்ஸ்டியூசர் பாரையும் சேறு மாதிரி காட்டிவிடும். மடியை இறக்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

நேர் பார்க்கும் ரசமட்டத்தையும் கவனியுங்கள். கரையில் கட்டை மேல் ஏற்றிய படகு, தண்ணீரில் மிதக்கும் அதே வாட்டத்தில் நிற்காது. பழைய நீர்க்கோட்டை வைத்தே மட்டம் பிடிக்க வேண்டும்.

மரப்படகில் பிளாஸ்டிக் உடல் கொண்ட டிரான்ஸ்டியூசரைத் துளைத்துப் பொருத்தாதீர்கள். இரண்டு மாதம் காய்ந்த பலகை தண்ணீரில் இறங்கியதும் ஊறி உப்பி அதை நெரித்து விரிசல் விடவைக்கும். கடலுக்குள் அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் ஏறினால் உயிருக்கே ஆபத்து. மரத்துக்கு வெண்கலம்தான். இரும்பு, அலுமினியப் படகில் வெண்கலத்தை நேரடியாக உலோகத்தோடு தொடவிட்டால் அரிப்பு ஏறும்; அங்கே கடைக்காரரிடம் படகின் உலோகத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

துளையில் குளியலறைச் சிலிக்கான் பூசுவது இன்னும் நடக்கிறது. நீர்க்கோட்டுக்குக் கீழே பயன்படுத்தும் மரைன் சீலன்ட் தனியாக இருக்கிறது, அதுவே வேண்டும். ஃபைபர் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். ஸ்க்ரூத் துளை வழியாகத் தண்ணீர் ஏறினால் உள்ளே அழுகி, இன்ஜினைத் தாங்கும் பலகையே தளர்ந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒரே தடவை நன்றாகப் பொருத்திவிட்டு டிரான்ஸ்டியூசரை அதில் மாட்டினால், இடம் மாற்றும்போது படகில் புதுத் துளை போட வேண்டாம்.

கேபிளும் இரைச்சலும்

கேபிள் முனையின் கனெக்டர் துளையில் நுழையவில்லை என்று வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுவார்கள். உப்புக்காற்று அந்த டேப்பை எத்தனை நாள் விட்டுவைக்கும்? துளையைப் பெரிதாக்குங்கள், கேபிளை வெட்டாதீர்கள். இன்ஜின் வயர், டைனமோ வயர், விஹெச்எஃப் ஆன்டெனா கேபிள் எதனோடும் சேர்த்துக் கட்டாமல் தனியாகக் கொண்டுபோங்கள்.

திரையில் புள்ளி விழுந்தால் காரணத்தை இப்படிப் பிரிக்கலாம். படகு நிற்கும்போது இன்ஜினை நியூட்ரலில் ரேஸ் பண்ணுங்கள். புள்ளி கூடினால் மின் இரைச்சல், வயரிங்கைப் பாருங்கள். அப்போது தெளிவாக இருந்து, ஓடும்போது மட்டும் தரைக்கோடு அறுந்தால் நுரை, இடத்தை மாற்றுங்கள். இரண்டும் இல்லாமல் பக்கத்துப் படகு வரும்போது மட்டும் வந்தால் அவர் மெஷினின் ஒலி குறுக்கிடுகிறது, விட்டுவிடலாம்.

டிரான்ஸ்டியூசர் முகத்தில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடல் உயிரி) பிடித்தால் கத்தியால் சுரண்டக் கூடாது. அடிக்கு அடிக்கும் சாதாரணப் பெயின்ட்டும் தின்னரும் பிளாஸ்டிக் முகத்தை அரித்துவிடும். முகத்தில் பெயின்ட் அடிப்பதென்றால் தண்ணீரில் கலக்கும் வகை மட்டுமே. புதிதாக இறக்கிய படகில் முதல் நாள் படம் மங்கினால் முகத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள், ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப்படலம் போய்விடும்.

கடைசியாக ஆழக் கணக்கு. மெஷின் காட்டுவது டிரான்ஸ்டியூசர் முகத்திலிருந்து தரை வரைக்கும்தான், ஏராவிலிருந்து அல்ல. ஏரா முகத்தை விட இரண்டு அடி கீழே இருந்தால், திரையில் நாலு அடி காட்டும்போது அடியில் மிச்சம் இரண்டே அடி. மணல் தூர்ந்த முகத்துவாரத்தில் படகு தட்டிப்போவது இந்த இரண்டு அடியில்தான். படகு கரையில் இருக்கும்போதே முகத்துக்கும் ஏராவுக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்து, மெஷினில் கீல் ஆஃப்செட் என்ற இடத்தில் அந்த அளவைக் கழித்துப் போட்டுவிடுங்கள். தண்ணீரில் இறக்கிய பிறகு அளக்க முடியாது.